சில்கி கோழி வாங்கலாமா? அடைக்கும் குளிருக்கும் எப்படி?

அலங்காரக் கோழி விற்கும் பண்ணைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது சில்கிதான். உடம்பு முழுக்கப் பஞ்சுபோல இறகு, கையில் எடுத்தால் அடங்கி உட்காரும் சாது குணம். பிள்ளைகளோடு போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. நாட்டுக்கோழியைவிடப் பல மடங்கு விலை சொன்னாலும் ஜோடியாக வாங்கிப் போகிறார்கள். ஆனால் கொடுக்கிற பணத்துக்கு இந்தக் கோழி தருவது அழகு அல்ல, அடை. நல்ல சில்கிப் பெட்டை வருடத்தில் பல தடவை அடைக்கு உட்காரும். கோழி முட்டையோ வாத்து முட்டையோ, வைத்ததைப் பொரித்துக் கொடுக்கும். 'இவ்வளவு இறகு இருக்கிறதே, எந்தக் குளிரையும் தாங்கும்' என்று நம்ப வைக்கிற அதே பஞ்சு இறகுதான் இதன் பெரிய பலவீனமும். இந்த இரண்டும் தெரிந்து வாங்கினால் இது மிக நல்ல கோழி.

சில்கி சீனத்து இனம். ஜியாங்சி மாகாணத்துத் தைஹே வட்டாரம் இதற்குப் பேர்போனது. தோலும் எலும்பும் கறுப்பாக இருப்பதால் அங்கே உடல் தேற்றும் சூப்புக்கு இதைத் தேடி வாங்குவார்கள். அமெரிக்காவின் கோழி இனத் தரநூலில் 1874-லேயே இடம் பெற்றுவிட்டது. அமெரிக்கத் தரத்தில் இது குட்டை இனம்: சேவல் ஒரு கிலோ, பெட்டை 900 கிராம். பிரிட்டன் தரத்தில் சேவல் 1.8 கிலோ, பெட்டை 1.35 கிலோ. நம் சந்தையில் எந்த வழியில் வந்தது என்று யாரும் பிரித்துச் சொல்லி விற்பதில்லை. வாங்கும்போது எடை போட்டுப் பாருங்கள். 900 கிராம் பெட்டையும் 1.3 கிலோ பெட்டையும் ஒரே எண்ணிக்கை முட்டையை மூடாது.

வாங்கும் இடத்தில்

காலில் ஐந்து விரல் இருக்க வேண்டும். ஐந்தாவது விரல் பின்விரலுக்கு மேலே பிரிந்து, தரையைத் தொடாமல், மேல்நோக்கி வளைந்து நிற்கும். இறகை ஊதி விலக்கினால் தோல் கருநீலமாகத் தெரியும். காது மடல் நீலப்பச்சை. தலைப்பூ வாள்பல்லாக நிமிர்ந்திருக்காமல் குட்டையாக, கட்டியாக, கருஞ்சிவப்பாக நெற்றியோடு ஒட்டியிருக்கும். அதன் பின்னால் உருண்டையாக இறகுக் கொண்டை இருக்கும்.

இவற்றில் இறகைத்தான் கடைசி அத்தாட்சியாக வைக்க வேண்டும். கருந்தோல், ஐந்து விரல், கொண்டை எல்லாம் பெற்றோரில் ஒன்று சில்கியாக இருந்தாலே குஞ்சில் ஓரளவு வந்துவிடும். பஞ்சு இறகு மட்டும் தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். ஐந்து விரலும் கொண்டையும் இருந்து இறகு மட்டும் சாதாரணமாக, வழவழப்பாக இருந்தால் அது கலப்பு. கலப்பு மட்டமானது என்று நினைக்க வேண்டாம், அதைப் பற்றிப் பின்னால் வருகிறது. ஆனால் சில்கி விலை கொடுக்கக் கூடாது. கருங்கோழி என்று விற்கப்படும் கடக்நாத் வேறு இனம். அதற்கு நான்கு விரல், சாதாரண இறகு, அடைக்கு உட்காரும் குணமும் மிகக் குறைவு. கருந்தோலைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொண்டு, அடைக்கென்று கடக்நாத் வாங்கி ஏமாறக் கூடாது.

சேவல், பெட்டை பிரிப்பதுதான் இந்த இனத்தில் பெரிய தலைவலி. ஐந்து, ஆறு மாதம் வரைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. சேவலின் கொண்டையில் சில இறகுகள் நீண்டு பின்பக்கம் வாரிவிட்டதுபோல் போகும். பெட்டையின் கொண்டை உருண்டையாகவே நிற்கும். இது தெளிவாவதற்கு முன், மூன்று மாதக் குஞ்சுகளை 'ஜோடி' என்று யார் விற்றாலும் அது ஊகம்தான். அடைக்காக வாங்குபவர், முட்டையிடத் தொடங்கிய பெட்டையை, முடிந்தால் ஒரு தடவை குஞ்சு பொரித்த பெட்டையை, கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவது நல்லது. ஆறு மாதத் தீவனச் செலவும் சேவலாகப் போய்விடும் பயமும் மிச்சம்.

கையில் எடுத்து ஆசனவாய்ப் பக்கத்து இறகை விலக்கிப் பாருங்கள். பேன் முட்டைகள் இறகின் அடியில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். பஞ்சு இறகுக்குள் பேனும் செள்ளும் சுலபமாக ஒளிந்துகொள்ளும். மார்பெலும்பு கத்திபோல் கூராகத் தட்டுப்பட்டால் பறவை மெலிந்திருக்கிறது. கழுத்து நேராக நிற்கிறதா, மூச்சில் கரகரப்பு இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

முட்டைக்கு?

வேண்டாம். வருடத்துக்கு 80 முதல் 120 முட்டை, ஒவ்வொன்றும் 35 முதல் 45 கிராம். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அடையில் 21 நாள், குஞ்சு வளர்ப்பில் ஆறு முதல் எட்டு வாரம் என்று ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மாதத்துக்கு மேல் முட்டை கிடையாது.

அடை

அடைக்கு வந்த சில்கியை அடையாளம் காண்பது எளிது. கூட்டை விட்டு எழாது. கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு 'கிர்ர்' என்று கேறும். வயிற்றுப்பக்கம் இறகு உதிர்ந்து சூடான வெறுந்தோல் தெரியும். நாளுக்கு ஒரு தடவை வெளியே வந்து பெரிய, நாற்றமடிக்கும் எச்சம் போடும். மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவதுதான் இதற்குக் காரணம். முட்டைக்கென்றே வளர்க்கும் இனங்களில் இந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். சில்கியில் அது குறையாமல் இருக்கிறது.

அறிகுறி தெரிந்த அன்றே முட்டை வைத்துவிட வேண்டாம். பிங்பாங் பந்தோ பிளாஸ்டிக் முட்டையோ வைத்து இரண்டு, மூன்று இரவு பாருங்கள். இரவிலும் கூட்டிலேயே இருந்தால் அடை உறுதி. பிறகு இருட்டிய பின் தனி அடைப்பெட்டிக்கு மாற்றலாம். இடம் மாற்றினால் பல நாட்டுக்கோழிகள் அடையை விட்டுவிடும். சில்கி பெரும்பாலும் மறுநாளே ஒத்துப்போகும்.

பெட்டி தரைமட்டத்தில் இருக்க வேண்டும். சில்கிக்குப் பறக்க வராது. உயரத்தில் வைத்த கூட்டுக்கு ஏற முயன்று முட்டையை உடைக்கும். 35 செ.மீ. நீள அகலமும், முன்னால் 8 முதல் 10 செ.மீ. உயரத் தடுப்பும் போதும். அடியில் ஐந்து செ.மீ. மணல் போட்டு நடுவில் லேசாகக் குழி செய்து, அதன் மேல் நறுக்கிய வைக்கோலோ உமியோ பரப்புங்கள். குழி இல்லாவிட்டால் முட்டைகள் மூலைக்கு உருண்டு குளிர்ந்துவிடும். மலைப்பகுதியில் சிமென்ட் தரை மேல் நேராக வைக்காமல் பலகையும் மடித்த சாக்கும் போட்டு அதன் மேல் பெட்டியை வையுங்கள். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கிராமத்தில் இரும்புத் துண்டும் கரியும் வற்றல் மிளகாயும் கூடையில் வைப்பார்கள். வைப்பதில் கெடுதல் இல்லை, முட்டையில் இடிக்காமல் ஓரமாக இருந்தால் சரி.

எத்தனை முட்டை? சில்கியின் சொந்த முட்டை என்றால் 8 முதல் 10. நாட்டுக்கோழி முட்டை 6 அல்லது 7. வாத்து முட்டை 3 அல்லது 4. குளிர்காலத்தில் இதிலும் இரண்டு குறையுங்கள். கோழி முட்டைகளைப் புரட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். உடம்புக்கு வெளியே ஒன்று துருத்தினால் அந்த ஒன்று மட்டும் கெடாது. முறை வைத்து எல்லா முட்டையும் வெளியே வந்து, எல்லாமே குளிரும். பத்து வைத்து நாலு பொரிப்பதைவிட ஆறு வைத்து ஐந்து பொரிப்பது மேல்.

வைக்கும் முட்டை ஏழு நாளுக்குள் இட்டதாக இருக்கட்டும். பத்து நாள் தாண்டினால் பொரிப்பு விழும். சேர்த்து வைக்க 15 முதல் 18 டிகிரி ஏற்றது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் அறையே அந்த நிலையில் இருக்கும். சமவெளியில் ஈர மணலின் மேல் வைத்த மண்சட்டி உதவும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். எல்லா முட்டையையும் ஒரே இரவில் வைத்து, பென்சிலால் அடையாளம் போடுங்கள். மற்ற பெட்டைகள் கூட்டுக்குள் புகுந்து புது முட்டை இட்டுவிட்டுப் போகும். அடையாளம் இருந்தால்தான் அன்றாடம் அதை எடுக்க முடியும். இல்லையென்றால் பாதிக் குஞ்சு பொரிந்து கோழி இறங்கியதும் மீதி முட்டைகள் உயிரோடு குளிர்ந்து சாகும்.

கோழிக்கு 21 நாள். காடை 17–18, கினிக்கோழி 26–28, வான்கோழியும் சாதாரண வாத்தும் 28, மணிவாத்து 35. ஏற்கெனவே இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருந்த பெட்டைக்கு மணிவாத்து முட்டை வைப்பது அதன் உடம்பை உருக்கிவிடும். காடை முட்டைக்குச் சில்கி மிகப் பொருத்தம், எடை குறைவானதால் ஓடு உடைவது குறைவு.

அடையில் சில்கி சாப்பாட்டை மறந்துவிடும். காலையில் தானாக எழாவிட்டால் நீங்களே இறக்கிவிட வேண்டும். தூக்கும் முன் இறக்கைக்கு அடியில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 15 முதல் 20 நிமிடம் வெளியே இருந்தால் போதும். கம்பு, சோளம், கோதுமை என்று முழுத் தானியம் கொடுத்தால் எச்சம் கெட்டியாக விழும், கூடு நாறாது. பச்சைத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அரைமணி நேரம் முட்டை ஆறினால் கருவுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மணி நேரம் கோழி திரும்பவில்லை என்றாலும் அவசரப்பட்டு முட்டையைக் கொட்டிவிடாமல், மறுபடி உட்கார வைத்து, நாலு நாள் கழித்து விளக்கில் பாருங்கள்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தை முட்டையின் அகலமான பக்கத்தில் வைத்தால் சிவந்த நரம்புகள் சிலந்தி வலையாகத் தெரியும். வெறும் வெளிச்சமாக இருப்பது கருக்கூடாதது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். கூமுட்டை கூட்டுக்குள் வெடித்தால் நல்ல முட்டைகளும் கெடும். பதினான்காம் நாள் இன்னொரு பார்வை. பத்தொன்பதாம் நாளுக்குப் பின் கை வைக்கக் கூடாது.

கருக்கூடாத முட்டை அதிகமாக வந்தால் சேவலைக் குறை சொல்லும் முன் இறகைப் பாருங்கள். ஆசனவாயைச் சுற்றிப் பஞ்சு அடர்ந்திருந்தால் இணைசேர்க்கை சரியாக நடக்காது. சேவல், பெட்டை இரண்டுக்கும் அந்த இடத்தில் விரற்கடை அகலத்துக்கு இறகைக் கத்தரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

குஞ்சு பொரிந்ததும் இந்த இனத்துக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. தாயின் வயிற்றுப்பக்கத்து நூலிழை இறகுகள் குஞ்சின் கழுத்திலோ காலிலோ சுற்றிக்கொள்ளும். தாய் எழுந்து நடக்கும்போது குஞ்சு தொங்கி இறுகிச் சாகும். அடை வைக்கும் முன்பே வயிற்றுப்பக்க நீள இழைகளைக் கத்தரித்துவிடுங்கள். முதல் வாரம் காலையும் மாலையும் குஞ்சுகளை எண்ணிப் பாருங்கள். கூட்டில் வைக்கோலை நறுக்கிப் போடச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்.

அடைகாப்புப் பெட்டியோடு ஒப்பிட்டால்

சிறு மின் பெட்டியில் விசிறி உள்ளது 37.5 டிகிரியில் ஓட வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாள் 50–55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65–70. முட்டையைப் புரட்ட வேண்டும், மின்சாரம் போனால் பதற வேண்டும். பொரிந்த பின் குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைப்பு என்று இன்னொரு வேலை தொடங்கும். சில்கி இந்த எல்லாவற்றையும் தானே செய்துவிடும். மழைக்காலத்தில் மின்வெட்டு அடிக்கடி வரும் மலைக் கிராமத்தில் இதன் அருமை தெரியும். ஆனால் எப்போது உட்காருவது என்பதைக் கோழிதான் முடிவு செய்யும். தேதி குறித்து ஐம்பது குஞ்சு வேண்டும் என்பவர் பெட்டிதான் வாங்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்து நடத்துவதே எங்கள் கணிப்பில் சிறந்த வழி. இரண்டு, மூன்று பெட்டைகளுக்கு ஒரே இரவில் முட்டை வையுங்கள். ஏழாம் நாள் பார்வையில் கழிந்தது போக மீதியை ஒரு கோழிக்கோ இரண்டு கோழிக்கோ ஒதுக்கி, காலியான கோழிக்குப் புது முட்டை வைக்கலாம். பெட்டியில் பொரித்த குஞ்சையும் சில்கியிடம் சேர்க்கலாம். குஞ்சுக்கு இரண்டு நாளுக்கு மேல் வயதாகக் கூடாது. கோழி குறைந்தது இரண்டு வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும். இரவில் ஒவ்வொன்றாக அடியில் நுழைத்துவிட்டு, விடியும் முன் போய்ப் பாருங்கள். கொத்தினால் உடனே குஞ்சை எடுத்துவிடுங்கள். சில்கி கொத்துவது அரிது.

அடை வைக்கும் முன் பேன் பார்ப்பதைத் தவறவிடக் கூடாது. மூன்று வாரம் அசையாமல் உட்காரும் கோழியின் மேல் பேனும் செள்ளும் பெருகினால் ரத்தம் குறைந்து அடையிலேயே சாகும். பேன் இருந்தால் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்துப் பொடியைப் போட்டு, பத்து நாளில் மறுபடி போட வேண்டும். முதல் மருந்து பேன் முட்டையைக் கொல்லாது. மற்ற நாட்களில் மணலும் மரச்சாம்பலும் கலந்த அகலமான தொட்டி ஒன்று கொட்டகைக்குள் இருக்கட்டும், கோழி தானே புரண்டு குளிக்கும்.

அடை கலைக்க வேண்டிய நேரமும் வரும். வைக்க நல்ல முட்டை இல்லாதபோதும், பெட்டை முந்தின அடையிலிருந்து உடம்பு தேறாதபோதும் உட்கார விடக் கூடாது. கம்பி அடிப்பாகம் உள்ள கூண்டைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, படுக்கை எதுவும் போடாமல், தீவனமும் தண்ணீரும் கொடுத்து, வெளிச்சமான இடத்தில் மூன்று முதல் ஐந்து நாள் விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டால் அடைச்சூடு தணியும். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு குத்துவது இரண்டும் வேண்டாம். இரண்டாவது வெறும் சித்திரவதை. முதலாவது சில்கிக்கு உயிராபத்து: நனைந்தால் இது காயப் பல மணி நேரம் ஆகும். கலைந்த பின் மறுபடி முட்டையிட இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும்.

கலப்புப் பெட்டை

சில்கிச் சேவலை நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால் வரும் பெட்டைகளுக்கு அடைக்குணம் நன்றாக இறங்கும், இறகு சாதாரணமாக, மழை ஒட்டாததாக இருக்கும். உடம்பு பெரிதாவதால் நாட்டு முட்டை பத்து, பன்னிரண்டைக்கூட மூடும். குஞ்சு இறகில் சிக்குவதும் இல்லை. பார்க்க அழகு குறைவு, ஆனால் அடைக்கென்றே வளர்ப்பவருக்குச் சுத்த சில்கியைவிட இதுவே மேலானது. தாய்க்கோழி மஞ்சள் அல்லது வெள்ளைக் கால் உள்ளதாக இருந்தால் இன்னொரு வசதி உண்டு: பெட்டைக் குஞ்சுகளுக்குத் தகப்பனைப்போலத் தோல் கறுக்கும், சேவல் குஞ்சுகளுக்கு வெளிறியிருக்கும். மரபியல் அறிஞர்கள் பேட்சனும் புன்னெட்டும் 1911-லேயே இதை எழுதிவிட்டார்கள். சுத்த சில்கியில் ஆறு மாதம் காத்திருப்பதை இங்கே சில வாரத்தில் முடித்துவிடலாம்.

குளிர்

சாதாரண இறகில் நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று மாட்டி ஒரே தகடாக நிற்கும். மழை அதன் மேல் வழிந்து போகும், காற்று உள்ளே புகாது. சில்கிக்கு அந்தக் கொக்கி கிடையாது. உலர்ந்து, காற்றில்லாமல் இருக்கும் வரை பஞ்சு சூட்டைப் பிடித்து வைக்கும். ஒரு தூறலில் தண்ணீர் நேராகத் தோலுக்குப் போய்விடும், காற்றும் ஊடுருவும். அதனால் ஊட்டியில் ஜனவரி உறைபனி இரவைத் தாண்டும் சில்கி, தேவாலாவிலும் வால்பாறையிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் சாரலில் சாகும். சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அப்படித்தான். வெப்பமானி எத்தனை காட்டுகிறது என்பதைவிடக் கோழி நனைந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

கொட்டகையில் முதல் கவனம் தரைக்கு. சில்கி கிளையேறாது, தரையிலேயே கூட்டமாகப் படுக்கும். மரத்தரையை 45 முதல் 60 செ.மீ. உயர்த்தி, அகலமான சரிவுப் பலகை வைப்பது சிறந்தது. சிமென்ட் தரையானால் 10 முதல் 15 செ.மீ. உமியோ மரச்சீவலோ வேண்டும். வாரம் இருமுறை கிளறிவிட்டு, ஈரமான இடத்தை அள்ளிப் புதிது போட வேண்டும். ஒரு பறவைக்கு இரண்டு முதல் மூன்று சதுர அடி. குளிரில் ஒரு மூலையில் ஏறி நெருக்கும்போது அடியில் இருப்பது மூச்சு முட்டும். மூலைகளைச் சாய்வுப் பலகையால் மறைத்துவிடுங்கள். 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், ஏழு செ.மீ. அகலத் தட்டைக் கட்டை வைத்தால் சில பறவைகள் அதில் ஏறப் பழகும், தரைக் குளிரும் நெருக்கமும் குறையும்.

அடுத்தது காற்றோட்டம். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி அடைப்பதுதான் மலையில் அதிகம் நடக்கும் தவறு. கோழியின் மூச்சு ஈரமும் எச்சத்தின் ஈரமும் உள்ளேயே தங்கி, கூரைத் தகட்டில் கோத்து, விடியற்காலையில் பறவை மேலேயே சொட்டும். கோழியின் உயரத்தில் காற்று படக் கூடாது, கூரைக்குக் கீழே இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் திறப்பு இருக்க வேண்டும். காலையில் கதவைத் திறந்ததும் தகட்டில் நீர்த்துளி இருந்தாலோ, குனிந்து முகர்ந்தால் கண் எரிந்தாலோ திறப்பு போதவில்லை.

வளர்ந்த, உலர்ந்த, நோயில்லாத சில்கிக்கு நம் மலைகளில் விளக்குச் சூடு தேவையில்லை. 250 வாட் சிவப்பு விளக்கு பஞ்சு இறகும் உமியும் உள்ள இடத்தில் தீ மூட்டும் சாமான். மின்சாரம் போனால் சூட்டுக்குப் பழகிய பறவை திடீரென்று விறைக்கும். தாயில்லாத குஞ்சுக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால் சங்கிலியில் தொங்கவிட்டு, இரண்டாவது கட்டும் போட்டு, கம்பிக்கூடு மாட்டி, படுக்கையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் வையுங்கள். குஞ்சு முதுகு உரசும்படி வைக்கும் சூட்டுப் பலகை இதைவிடப் பாதுகாப்பானது, மின்செலவும் குறைவு. ஆனால் அறை 10 டிகிரிக்குக் கீழே போனால் பல மாதிரிகள் போதாது. கரியடுப்பு வைக்கவே கூடாது. மூடிய கொட்டகையில் அதன் நச்சுவாயு கோழியை மட்டுமல்ல, உள்ளே போகிற ஆளையும் கொல்லும்.

தண்ணீர்க் கிண்ணமும் குளிரில் எதிரிதான். தாடியும் கொண்டையும் நனைந்து, அந்த ஈரத்தோடு இரவில் படுக்கும். கொத்தினால் சொட்டும் நிப்பிள் குழாய் மாட்டிவிட்டால் தலை நனைவதில்லை, படுக்கையும் ஈரமாகாது. பழக இரண்டு, மூன்று நாள் ஆகும். அதுவரை கிண்ணமும் இருக்கட்டும். காலிறகில் சேறு உருண்டு இறுகினால் வெதுவெதுப்பான நீரில் கரைத்து எடுத்துத் துடைத்து, இறகைக் குட்டையாக்குங்கள். காலில் செதில் தூக்கி, வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் கால் செள்ளு. தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ கனமாகத் தடவி வாரக்கணக்கில் தொடர வேண்டும்.

நனைந்து சுருண்டுவிட்ட பறவையை வீட்டுக்குள் கொண்டுவந்து துண்டால் ஒற்றி, தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடித்து, தோல் வரை காயும்படி உலர்த்துங்கள். மேல் இறகு காய்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். உள்ளே ஈரம் நிற்கும். எழுந்து நின்ற பின்தான் வெதுவெதுப்பான தண்ணீரும் தீவனமும். வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போகும்.

குளிர் மாதங்களில் ஒரு பறவை நாளுக்கு 60 முதல் 80 கிராம் தின்னும். மாலையில் அடையும் முன் 15, 20 கிராம் மக்காச்சோளக் குருணையோ கம்போ கொடுத்தால் இரவில் செரித்துச் சூடு தரும். அதற்கு மேல் தானியம் வேண்டாம், புரதம் குறைந்து இறகு நன்றாக வளராது.

தலையும் கழுத்தும்

பெரிய கொண்டையுள்ள சில்கிகள் பலவற்றுக்கு மண்டையோட்டின் உச்சி புடைத்து, எலும்பு முழுதாக மூடாமல் இருக்கும். அந்த இடத்தில் ஒரு கொத்து விழுந்தால் போதும், கழுத்து திருகி, தலை பின்னால் மடிந்து, தடுமாறத் தொடங்கும். முரட்டு நாட்டுக்கோழிகளோடும் சண்டைச் சேவல்களோடும் சேர்த்து விடக் கூடாது என்பது இதனால்தான். கொண்டை கண்ணை மறைப்பதால் காகமும் பருந்தும் கீரியும் வருவதும் இதற்குத் தெரியாது. கண்ணைச் சுற்றி இறகைக் கத்தரித்து, கூரைவலை போட்ட இடத்தில் மட்டும் மேய விடுங்கள்.

கழுத்துத் திருகல் வைட்டமின் ஈ, பி1 குறைவாலும் வரும், நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயான மாரெக்கிலும் வரும், வெள்ளைக்கழிச்சலில் தப்பிய பறவைக்கும் வரும். மாரெக்கில் சில்கி சீக்கிரம் விழும். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செலினியம் கலந்த மருந்தை அளவு தெரியாமல் கொடுத்தால் அதுவே விஷம். மாரெக் தடுப்பூசி முதல் நாளிலேயே போட வேண்டியது. குஞ்சாக வாங்குபவர் போட்டிருக்கிறதா என்று பண்ணையில் கேட்க வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாவது வாரத்தில் ஊசியும் தாய்க்கோழி பொரித்த குஞ்சுக்கும் உண்டு. அடையில் பொரிந்தது என்பதால் நோய் விலகிப் போகாது.

எப்போது வாங்குவது? மலையில் என்றால் உறைபனி விலகிய பின், பிப்ரவரிக் கடைசியில். பெட்டை இடத்துக்குப் பழகி மார்ச், ஏப்ரலில் அடைக்கு வந்தால், குஞ்சுகள் தென்மேற்குச் சாரலுக்கு முன் இறகு கட்டிவிடும். சமவெளியில் தை, மாசி ஏற்றது. சித்திரை வெயிலில் இதே பஞ்சு இறகோடு அடையில் உட்கார்ந்தால் கோழி வாய் பிளந்து இரைக்கும், முட்டையும் வெந்துபோகும். புதிதாக வந்த பறவையை எங்கிருந்து வாங்கியிருந்தாலும் மூன்று வாரம் தனியே வைத்து, பேனும் மூச்சும் எச்சமும் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள்.